ஷாமினி டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை

பீடோங் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பு என்றால் ஷாமினி டீச்சர்தான். முதல் நாள் அழுகிற பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு பள்ளி விடுமுறைக்குப் பிறகு படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பிடவில்லை. “நான் எல்லாருக்கும் பாரம்” என்பதைத் தவிரப் பேச்சும் இல்லை.

கணவன் கிருஷ்ணகுமார் அலோர் ஸ்டாரில் அரசாங்க குமாஸ்தா. மனைவியை அவன்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். மாத்திரைகள் பாதிதான் கேட்டன. ஒருநாள் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு மின்னதிர்வு சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

“கரண்டு வைக்கிறதா? வேண்டாம் டாக்டர்.”

அவன் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவுக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கிடையாது. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்களாம். பல் உடைந்து வீடு திரும்பிய அந்த முகம் அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷாமினியிடமும் சொல்லவில்லை. “மருந்து மாத்திக் குடுத்திருக்காங்க” என்றான்.

அப்படியே மூன்று வருடங்கள் போயின. உடல்நலக் காரணத்தால் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டும் அவள் முகம் மாறவில்லை.

பிறகு அவள் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் மறுபடியும் மின்னதிர்வு சிகிச்சையையே சொன்னார். அங்கே இருந்தவள் பிரிஜெட், மெர்போக் ஊரைச் சேர்ந்த தாதி; எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் நர்ஸ். இந்தச் சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடம் பேசிப் புரியவைப்பது அவள் பொறுப்பு.

“என்கிட்ட சொல்லுங்க மிஸ்ஸி, அவளுக்கு இப்ப ஒண்ணும் வெளங்காது” என்றான் கிருஷ்ணகுமார்.

“நீங்களும் இருங்க அண்ணே. ஆனா நான் டீச்சர்கிட்டதான் பேசப் போறேன்.”

பிரிஜெட் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் சொன்னாள். சொன்னதையே மறுநாளும் சொன்னாள். ஆள் இல்லாத ஒரு மதிய வேளையில் சக்கர நாற்காலியில் வைத்துச் சிகிச்சை அறைக்குக் கூட்டிப் போனாள்; கிருஷ்ணகுமாரும் கூடப் போனான். கட்டில், ஆக்ஸிஜன் முகமூடி, பல்லுக்கு நடுவே வைக்கும் ரப்பர் எல்லாவற்றையும் காட்டினாள். ரப்பரை ஷாமினி கையில் வாங்கிப் பார்த்தாள்.

“வலிக்குமா?” வாரக் கணக்கில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“மயக்க மருந்துல தூங்கிடுவீங்க, தெரியாது. எந்திரிச்சதும் தலை வலிக்கலாம், கொஞ்சம் குழம்பும். அப்ப நான் பக்கத்துல இருப்பேன்.”

“மறந்துடுமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது லா” என்று கிருஷ்ணகுமார் குறுக்கிட்டான்.

“ஆகலாம் அண்ணே, மறைக்கக் கூடாது” என்றாள் பிரிஜெட். “டீச்சர், சில விஷயம் மறந்து போகலாம். நெறைய திரும்பி வரும். சிலது வராமலும் போகும். நடுவுல வேண்டாம்னு தோணினா, நிறுத்துங்கன்னு நீங்க சொல்லலாம்.”

ஷாமினி கையிலிருந்த ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “செய்ங்க” என்றாள்.

அப்போதுதான் கிருஷ்ணகுமார் பெரியப்பாவைப் பற்றி வாய் திறந்தான். பிரிஜெட் மறுக்கவில்லை. “அந்தக் காலத்துல அப்படியும் செஞ்சிருக்காங்க அண்ணே. இதை டாக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ரூமை அன்னிக்கே காட்டியிருப்பாங்க.”

சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு, ஒரு காலையில் ஷாமினி கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, “உப்பு பத்தல” என்றாள். கிருஷ்ணகுமார் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான்.

மாத்திரைகள் தொடர்ந்தன. உடம்பு தேறியதும் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றாள். தலைமையாசிரியர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்து வெகுநாளாகியிருந்தது.

திரும்பும் வழியில், காரில், “டாக்டர் இந்த வைத்தியத்தை மொதல்ல எப்ப சொன்னாங்க?” என்று கேட்டாள்.

அவன் உண்மையைச் சொன்னான். அவள் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“நீ அப்ப இருந்த நெலமையில…”

“பயந்திருப்பேன். மாட்டேன்னுகூட சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாமே லா.”

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பல நாள் தோன்றியது.

இப்போது வீட்டில் சில பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். போன மாதம் பீடோங் சந்தையில் உயரமான ஒரு பெண் ஓடிவந்து, “டீச்சர்!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷாமினி சிரித்தாள், தலையை வருடிக் கொடுத்தாள், பெயர் மட்டும் வரவில்லை. பெண் போன பிறகு, “கரண்டுல போனதோ, இல்ல பிள்ளை வளந்துட்டாளோ, தெரியல” என்றாள்.

காய்கறிப் பையோடு நின்ற கிருஷ்ணகுமாருக்கு அந்தப் பெண்ணை அடையாளம் தெரிந்தது. முன்பெல்லாம் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தி, “எனக்குத் தெரியும், சொல்லட்டுமா?” என்று அவளிடம் கேட்டான்.