வாசல் முக்காலியில் ஒரு பெட்டி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களே, அக்ரஹாரத்து அண்டை வீட்டாரே, இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் சொந்தக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பெயரில் ஒரு கறை விழுந்தது என்னால்தான். துடைக்க வேண்டியவளும் நான்தான்.

அம்மா பிறந்தது ஹனூர்ப் பக்கம், ராகி விளைகிற சிறிய ஊரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். ஊருக்கே திரும்பி வரும்படி எல்லாரும் கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. எதிர்வீட்டுக் கல்யாணப் புடவைக்கு ஒரு முறை விளையாட்டாகக் குச்சு கட்டிக் கொடுத்திருந்தார். பட்டுப்புடவை முந்தானையில் தொங்கும் நூல்களைப் பின்னி, முடிச்சிட்டு, குஞ்சமாக்குவதைத்தான் இங்கே குச்சு என்பார்கள். அதையே பிழைப்பாக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். கோபக்காரர்தான். முடிச்சு சரியாக விழாவிட்டால் புடவைக்காரியையே திட்டுவார். திட்டி முடித்ததும் சாப்பிட உட்கார வைப்பார்.

அவருக்குப் புதுச் சாமான் பிடிக்காது. "புது ஊசி நூலப் பிரிச்சுப் போடுது கண்ணு. பழசுன்னா கை பட்டுப்பட்டு வழவழன்னு ஆயிருக்கும், நூலு வலிக்காம வரும்" என்பார். அது தெரிந்த பெண்கள் புடவையோடு தங்கள் அம்மா, மாமியார் காலத்துச் சாமான்களையும் கொண்டுவந்தார்கள். சந்தனப் பிடி போட்ட கொக்கி ஊசி. விரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளைத் தொப்பி. எலும்பில் கடைந்த ஊசிக்கூடு. எல்லாவற்றுக்கும் மேலாக, கொக்கு வடிவில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். கொக்கின் நீண்ட அலகுதான் அதில் வெட்டுகிற பகுதி.

இந்த வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு அம்மாவின் சட்டம் தெரியும். ஊசி, கத்தரிக்கோலைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, சண்டை வரும். வாசல் முக்காலியில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்த பிறகு ஊசி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் போகவே கூடாது. வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலத்தில்தானே புடவையைத் திரும்ப வாங்க வருவார்கள்? "ஊசி இருக்கட்டும், நாளைக்குக் காலம்பற வந்து எடுத்துக்க" என்பார் அம்மா. அந்தக் காலை வராது. சாமான் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டியைப் பார்த்து வளர்ந்த நான், அதில் உள்ளது எல்லாமே அம்மாவுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி மாதங்களில் வாதம் வந்து வலது கை ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "நான் போனப்புறம் அந்தப் பெட்டியத் தொறந்து வாசல் முக்காலியில வெச்சுரு கண்ணு. வர வேண்டியவங்க வந்து எடுத்துக்குவாங்க. நீ கிட்ட நிக்காத. ஒண்ணும் கேக்காத."

சரி என்றேன். செய்யவில்லை. கீரைக்கட்டு மாதிரி வாசலில் வைப்பதா, அம்மாவின் சொத்தை? பேங்கில் அதிகாரியாக இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியுமே! பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால், வந்த பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு அம்மாவின் நினைவாக ஒவ்வொரு சாமானை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். கண்ணீர் வேறு விட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கொக்குக் கத்தரிக்கோலை அண்ணனின் மாமியாருக்குக் கொடுத்தேன். சேலத்திலிருந்து வந்திருக்கிறாரே, நல்லதாகக் கொடுப்போம் என்று. கன்னடம் கலந்து பேசுகிற பக்கத்து வீட்டு ஜெயம்மா எழுந்து நின்றுவிட்டார். "அய்யய்யோ, அது எங்கம்மாது! நோடம்மா, பிடியில கீறல் இருக்கும் பாரு!" பார்த்தோம், இருந்தது. உடனே வேறொருவர், தன் மாமியாரின் பித்தளைத் தொப்பி யாரோ ஒருத்தியின் பைக்குள் போய்விட்டது என்றார். அந்த யாரோ ஒருத்தி, "எனக்கு முறையாக் கொடுத்ததை எதுக்கு விடணும்?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஊருச் சாமானெல்லாம் இந்த வீட்டுலதான் இருந்துச்சா?"

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற முகம் என்னிடம் இல்லை. மாலை போட்ட படத்துக்கு முன்னாலேயே அம்மாவைத் திருடியாக்கிவிட்டேன். சம்பந்தியம்மா சாப்பிடாமல் கிளம்ப, அண்ணனும் பின்னாலேயே போனான். பரிமாறிய இலைகள் அப்படியே கிடந்தன. ஊரிலிருந்து வந்திருந்த சித்தி தலையில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்குப் புள்ள! ஊசியக் கையில குடுக்கலாமா? உங்கம்மா எத்தன வாட்டி சொல்லியிருப்பா!"

அதன்பிறகு இந்த வருடம் முழுக்க நான் செய்தது ஒரே வேலைதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். அதைவிடக் கேவலமான வேலை வேறு இருக்கிறதா? போனை எடுத்து, நலம் விசாரித்து, மென்று முழுங்கிக் கேட்பேன். பலர் பெருந்தன்மையாக அனுப்பினார்கள். சம்பந்தியம்மா கத்தரிக்கோலை மஞ்சள் துணியில் சுற்றி அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். கூடவே, நான் கொடுத்த தேங்காய்க்குப் பதிலாக ஒரு தேங்காய். அதைக் கையில் வாங்கியபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதலில் ஜெயம்மா வீட்டுக்குத்தான் போனேன். "மன்னிச்சிடுங்க, அம்மா இதைத் திருப்பித் தராம விட்டது தப்புதான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னா? ரெண்டு மூணு வாட்டி கொண்டுவந்தாங்க. நான்தான் 'பேட, வேண்டாம், எங்க வீட்டுல துருப்பிடிச்சுப் போகும், உங்ககிட்டயே இருக்கட்டும்'ன்னேன்."

"அப்படின்னா அன்னிக்கு ஏன் அப்படிக் கத்தினீங்க?"

"உங்கம்மா கையில இருக்கட்டும்னு விட்டேன், தாயி. நீ தூக்கி வெளியூருக்குக் கொடுத்துட்டே. எங்கம்மாவையே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடுச்சு, கணம்மா."

கத்தரிக்கோலை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"கையில பேட. வருஷ நாள் வருமில்ல, அன்னிக்கு அவங்க சொன்ன மாதிரி வை. நான் வந்து எடுத்துக்கறேன்."

அம்மா திருடவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டுக்குச் சத்தமில்லாமல் திரும்பிப் போக வழியும் சொல்லிவிட்டுத்தான் போனார். கேட்காதவள் நான். பின்வரிசையில் அன்று பேசியவரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், அன்று சாப்பிடாமல் போயும் இன்று மறுபடி வந்திருக்கும் சம்பந்தியம்மாவுக்கும், என்னோடு மறுபடி பேச ஆரம்பித்த அண்ணனுக்கும் என் வணக்கம்.

இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கும்போது பெட்டி வாசல் முக்காலியில் திறந்திருக்கும். மேலாக அந்தக் கொக்கு இருக்கிறது. நல்லவேளை, இன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. சாப்பிட்டுப் போகும்போது உங்கள் வீட்டுச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கிட்ட நிற்க மாட்டோம், ஒன்றும் கேட்க மாட்டோம். நான் அடுப்படியில் இருப்பேன். விளக்கு வைப்பதற்குள் மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அம்மா விடமாட்டார்.

— மகள்