கசற்றின் மறுபக்கத்தில் ஒரு சுவிஸ்காரி

அந்தப் பாடகியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மெல்பேணில் ஆறு இசைத்தட்டுக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஐந்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். சுவிற்சர்லாந்துக்காரி, சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பர் பாட்டுப் பாடுகிறவள் என்று சொன்னாலே எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சுவிஸ் என்றால் மணிக்கூடு, சொக்லேற், பனிமலை. அங்கேயிருந்து ஒருத்தி நெஞ்சைப் பிளந்துகொண்டு பாடுவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு வயது நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள், பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தாய். நான் அவளுடைய ரசிகை. போன மாதம் நடந்ததற்குப் பிறகு இதை எழுத்தில் வைத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. தொலைபேசி அடித்தால் எழுந்து நின்றுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

நாங்கள் இங்கே வந்து நான்கு வருடம். என்னுடைய ஆசிரியர் சான்றிதழ் இந்த நாட்டில் செல்லாது என்றார்கள். இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ‘செக்கர்’ வேலை கிடைத்தது. சூடான கறுப்புப் பிளாஸ்ரிக் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அமர்த்துவார்கள். தோசைபோலத் தட்டையாகி வரும். இடையிடையே ஒன்றை எடுத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கேயாவது ‘டிக்’ என்றோ ‘கரகர’ என்றோ சத்தம் வருகிறதா என்று கேட்டு, தாளில் குறித்து, என் செக்கர் இலக்கத்தைப் போட்டு அனுப்பவேண்டும். முதல் நாள் மேற்பார்வையாளர் சொல்லித்தந்த பாடம் ஒன்றுதான்: பாட்டைக் கேட்காதே, தட்டைக் கேள். பாட்டில் மனம் போனால் பழுது காதில் விழாது.

இரண்டு வருடம் அப்படியே செய்தேன். புகழ்பெற்ற தொண்டைகள் எத்தனையோ ஒரு காதால் நுழைந்து மறு காதால் போய்விட்டன. பிறகு ஒரு குளிர்கால வியாழக்கிழமை இவளுடைய தட்டு வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. பாட்டு முடிந்து ஊசி நடு வட்டத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, தாளில் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். திரும்பப் போட்டேன். அப்போதும் பழுதைக் கேட்க மறந்துபோனேன்.

அவள் குரலில் இனிமை குறைவு. ஒப்புக்கொள்கிறேன். தாழ்ந்த குரல், ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கும்போது வருகிற அரைப்பு அதில் இருக்கும். தாளம் விழுந்து அரைக் கணம் கழித்துத்தான் வாயைத் திறப்பாள். பின்னால் வாத்தியக்காரர்கள் அவசரப்படுவார்கள்; அவள் அவசரப்படமாட்டாள். மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும். பெரிய பாடகி என்றால் அந்த மூச்சை யாராவது வெட்டி எறிந்திருப்பார்கள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் கத்துவார்கள். இவள் அங்கே குரலைக் குறைப்பாள், பிள்ளைக்கு அடிக்க ஓங்கிய கையைப் பாதியில் இறக்குகிற தாயைப் போல. அதைச் செய்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அச்சு இயந்திரங்களைத் திருத்துகிறவர் ஒரு வயதான சுவிஸ்காரர். அவரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். மற்றப் பாட்டுகள் ஆங்கிலம். அந்த மூன்றாவது மட்டும் வேறு பாஷை. “ஜெர்மனா?” என்று கேட்டேன்.

“புத்தகத்தில் இருக்கிற ஜெர்மன் இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சு,” என்றார். “ஜெர்மன்காரன் கேட்டால் தொண்டையில் ஏதும் வருத்தமா என்பான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு டொக்டரின் மனைவி, என்னோடு பத்து நிமிடம் பேசிவிட்டு, “நீங்க மலையாளமா?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அன்றையிலிருந்து அந்தச் சுவிஸ்காரி எனக்கு உறவுக்காரி.

அவளுடைய தட்டு விற்கவில்லை. விற்காத தட்டுகள் கடைகளிலிருந்து தொழிற்சாலைக்கே திரும்பி வரும். நடு லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அரைத்துப் புதுத் தட்டுக்குக் கலப்பார்கள். ஒரு நாள் அரைவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாக அவளுடைய முகம் இருந்தது. கட்டைத் தலைமயிர், மண்ணிறக் கோட், சிரிக்காத வாய். மேற்பார்வையாளரிடம் ஒன்று கேட்டேன். “இதையா? எடுத்துக்கொண்டு போ, யாருக்கு வேண்டும்,” என்றார். இப்போது வெளிவருகிற பெரிய பெரிய ஆட்களின் தட்டுகளுக்குள் அவள் தூளாகக் கிடக்கிறாள். அவர்களுக்கு அது தெரியாது.

வீட்டில் போட்டபோது மகள் மூக்கைச் சுளித்தாள். “அம்மா, நோபடி லிசன்ஸ் டு ஹர்.”

“நான் கேக்கிறன். நான் ஆள் இல்லையோ?”

இரண்டு கிழமையில் குளியலறையில் அந்த மூன்றாவது பாட்டு கேட்டது. பாஷை தெரியாமலே, அரைக் கணம் பிந்தித் தொடங்கிப் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அவளை நகரத்துக்குக் கூட்டிப்போவேன். நான் சொன்ன ஆறாவது கடை அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது. கண்ணாடி அடைப்புக்குள் நின்று தட்டுப் போட்டுக் கேட்கலாம். சுவிஸ்காரியின் இன்னொரு தட்டு அங்கே ஒன்றே ஒன்று இருந்தது. நானும் மகளும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

இனிக் கசற்றின் கதை. ஊரில் என் அண்ணர் பள்ளிக்கூட அதிபர். சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில் கசற் போடும் பெட்டி இருப்பது அவர் வீட்டில்தான். மாதம் ஒருமுறை கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவோம். ஞாயிறு பின்னேரம் ஒழுங்கைச் சனம் முழுக்க அண்ணர் வீட்டில் கூடிக் கேட்கும்; குடும்பத்துக்கு மூத்தவரான பெரியையாவுக்கு முன்கதிரை. முதலில் மகள் ஒரு தேவாரம் பாடவேண்டும், பிறகு நான் பேசுவேன், கடைசியில் என் கணவர். வெளிநாட்டுக்குப் போயும் பிள்ளை பழுதாகவில்லை என்பதற்கு அந்தத் தேவாரம்தான் எங்கள் அத்தாட்சி.

அந்த மாதம் தபாற்கந்தோர் பூட்ட முந்தி ஓடிப்போய்க் கசற்றை அனுப்பினேன். மறுபக்கத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. நாள் முழுக்க யார் யாருடையதோ தட்டுகளைச் சோதிக்கிற நான், என் வீட்டுக் கசற்றைச் சோதிக்கவில்லை.

மூன்று வாரத்தில் விமானத் தபாலில் அண்ணரின் நீலக் கடிதம் வந்தது. மறுபக்கத்திலும் ஏதாவது பேசியிருப்போம் என்று சபை நடுவில் போட்டிருக்கிறார்கள். அதில் மகள் எனக்குத் தெரியாமல் அந்த மூன்றாவது பாட்டைத் தட்டோடு சேர்ந்து பாடிப் பதிந்திருந்தாள். “உன்னுடைய மகள் குடிவெறிகாரர் மாதிரிக் கத்துகிறாள். இடையில் இங்கிலீசில் கதையும் சிரிப்பும். பெரியையா எழும்பிப் போய்விட்டார். அதிபரின் மருமகளுக்கு இதுதானோ வளர்ப்பு?” நீலக் கடிதத்தின் மடிப்பில் வழக்கமாக அண்ணி எனக்கென்று இரண்டு வரி எழுதுவா. இந்தமுறை மடிப்பு வெறுமையாக இருந்தது.

கணவர் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். “ஊர் சிரிக்குது. நீர்தான் அவளைப் பழக்கினது.”

“பாட்டுத்தானே பாடினவள்.”

“அதைப் பாட்டெண்டு நீர்தான் சொல்லவேணும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இஞ்சேரும், உம்மட அண்ணருக்கு றேடியோ எண்டு சொல்லும். தவறிப் பதிஞ்சிட்டுதெண்டு சொல்லும். ஆர் வந்து பாக்கப்போயினம்?”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் என்னைப் போலவே பயம். அந்த வெள்ளிக்கிழமை நகரத்துக்குப் போகவில்லை; பின்னேரம் சமையல் முடிந்த குசினி மேசையில் ரேப் றெக்கோடரை வைத்து, புதுக் கசற்றைப் போட்டு, நானே என் வாயால் சொன்னேன்:

“அண்ணை, அது பிள்ளையின்ர குரல் இல்லை. றேடியோப் பாட்டு. பிள்ளை அப்பிடிப் பாடமாட்டாள்.”

நிறுத்திவிட்டுத் திரும்பினேன். குசினி வாசலில் மகள் நின்றிருந்தாள். “ஓகே,” என்றாள். அவ்வளவுதான். அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்து எட்டு மணிக்குப் பார்த்தால் கட்டில் வெறுமை. சுவிஸ்காரியைப் பார்த்து அவள் வாங்கிய மண்ணிறக் கோட்டைக் காணவில்லை. சிநேகிதிகள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்; இல்லை. நான் விசாரித்தது எப்படியோ பரவி, எங்கள் ஆட்களில் ஒரு அன்ரி எடுத்து, “பொடியன் கிடியன் ஆரும் இருக்கோ, பிள்ளை?” என்றா. வைத்துவிட்டேன். கணவர் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம், நூல்நிலையம் என்று போனார். நான் எங்கள் கிளென் வேவர்லி ஸ்ரேசனுக்கு ஓடினேன்.

அங்கே ரிக்கற் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு மகளை நினைவிருந்தது. முதல் ரயில்களில் ஒன்றில் நகரத்துக்குப் போயிருக்கிறாள். அடுத்த ரயில் எப்போது என்று கேட்டேன்.

“சுணங்கும், மிஸிஸ். வழியில் ரயில் கடவையில் ஒரு ஆள் அடிபட்டுவிட்டது.”

“ஆணா, பெண்ணா?”

“எனக்குச் சொல்லவில்லை.”

நாற்பது நிமிடம் அந்த மேடையில் நின்றேன். கணிதம் படித்த மூளை, அவள் போன ரயில் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று நேரத்தைக் கூட்டிக் கழித்துக் காட்டியது. காது அதைக் கேட்கவில்லை. கீறல் விழுந்த தட்டைப்போல ஒரே வரியில் நின்றது: பிள்ளை அப்பிடிப் பாடமாட்டாள். பிள்ளை அப்பிடிப் பாடமாட்டாள். என் குரலில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

ரயில் வந்தது. கடவையைத் தாண்டும்போது ஓரத்தில் ஒரு சைக்கிள் வளைந்து கிடந்தது. என் பிள்ளைக்குச் சைக்கிள் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடிபட்டவர் ஒரு கிழவர், கால் முறிவோடு தப்பிவிட்டார் என்று பிறகு தெரியவந்தது. அந்த நன்றியை நினைக்க இப்போதும் கூசுகிறது.

எங்கே தேடுவதென்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. நேரே சந்துக்குப் போனேன். கண்ணாடி அடைப்புக்குள் மண்ணிறக் கோட். கண்கள் மூடியிருந்தன; கன்னம் நனைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும், “உங்கள் மகள்தானே? திறந்ததிலிருந்து ஒரே பக்கம். என்னுடைய ஊசி தேய்ந்துவிடும். ஒரு மணிக்குக் கடையும் பூட்டவேண்டும்,” என்றார்.

“தேயட்டும்,” என்றேன். கதவைத் திறந்தேன்.

“வீட்டை வா, பிள்ளை.”

“யூ செட் இட் வாஸ் த ரேடியோ.”

“ஓம். சொன்னனான்.”

“வை?”

“பயம்.”

“ஆருக்கு?” அது மட்டும் தமிழில் வந்தது.

“மாமாவுக்கு. ஒழுங்கைச் சனத்துக்கு. எல்லாருக்கும்.”

ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “தொடங்க முதல் ஐ செட், திஸ் ஒன் இஸ் ஃபோர் அம்மா. கேட்டனீங்களா?”

“இல்லை. போட்டுப் பாக்காமல் அனுப்பிப்போட்டன்.”

வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். “அம்மா! யூ ஆர் எ செக்கர்!”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். நானும். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பொய் சொன்ன கசற் இன்னும் குசினி மேசையில்தான் கிடந்தது, தபாலுக்குப் போகவில்லை. அன்று பின்னேரமே அதை ஆரம்பத்துக்குச் சுற்றினேன்.

“என்ன செய்யிறீர்?” என்றார் கணவர்.

“பழுதை அழிக்கிறன்.”

அவர் பேப்பரை விரித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். எழும்பிப் போகவில்லை. நான் பேசினேன்:

“அண்ணை, போன கசற்றிலை பாடினது என்ர மகள். வடிவாப் பாடினவள். அவளோட பாடினது ஒரு சுவிஸ்காரி. அவவை ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தமுறையும் மற்றப் பக்கத்தில ரெண்டு பேரும் பாடுகினம். பெரியையாவுக்குப் பிடிக்காட்டி வெத்திலை போட எழும்பிப் போகட்டும். கதிரையை வேற ஆருக்கும் குடுங்கோ.”

பிறகு மகளிடம், “தேவாரம் வேண்டாமெண்டால் விடு,” என்றேன்.

“ஹூ செட் வேண்டாம்? ஐ லைக் தேவாரம்.”

பாடினாள். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட அதே தேவாரம்தான். ஒவ்வொரு அடியும் அரைக் கணம் பிந்தி வந்தது. உச்சத்தில் குரலைக் குறைத்தாள். பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. மறுபக்கத்துக்கு ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்து, சுவிஸ்காரியின் மூன்றாவது பாட்டை முழுச் சத்தத்தில் போட்டேன். மகள் கூடப் பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சோதித்தேன். பழுது இரண்டு. தேவாரத்தின் நடுவில் கணவர் இருமுகிறார். மூன்றாவது பாட்டின் கடைசியில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. இரண்டையும் விட்டுவைத்தேன். லேபிளின் மூலையில், தொழிற்சாலையில் போடுவதுபோல, என் செக்கர் இலக்கத்தை எழுதித் திங்கட்கிழமை தபாலில் போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. நீலக் கடிதம் வந்தால் அண்ணர் எழுதியதை வாசிக்க முந்தி மடிப்பைத்தான் திறந்து பார்ப்பேன். அது வெறுமையாக இருந்தாலும் இருக்கட்டும். அடுத்த மாதக் கசற்றுக்கு எந்தப் பாட்டு என்று மகள் தெரிந்தெடுத்துவிட்டாள்.