கடலுக்குப் போகாத நாளுக்கு வட்டி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான், என் தங்கை சரசு, அவள் கணவர். அவர்கள் குழந்தைகள் முன் சீட்டில். எங்கள் இருவருக்கும் நடுவில் சரசு. அவள் அப்படி உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு — எட்டு மாதமாக நானும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை.

என்ன சண்டை என்கிறீர்களா? வட்டிச் சண்டை.

உடனே கைமாற்று விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம். எல்லா பேங்குகளுக்கும் மேலே ஒரு பெரிய பேங்க் இருக்கிறதே, அங்கே. நாட்டில் வட்டி ஏறுவதா இறங்குவதா என்று தீர்மானிக்கிற பெரிய மனிதர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அந்த ஆபீஸிலும் இரண்டு கட்சியாம். ‘ஏத்து’ கட்சி, ‘இறக்கு’ கட்சி. நம்மவர் ஏத்து கட்சி. அதிலும் பிடிவாதக்காரர் என்று பெயர்.

இங்கே நான் ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்த நேரம் பார்த்து பம்பாயில் வட்டியை ஏற்றினார்கள். கடன் கொடுப்பதையும் இறுக்கினார்கள். நம்மூர் பேங்க் மானேஜர் கையை விரித்துவிட்டார். கூரையில்லாமல் நிற்கிற சொந்தச் சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போவது எப்படி இருக்கும், சொல்லுங்கள்? ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். ‘மச்சான் வீட்டுக்குக் கூரை போடவிடாத மகானுபாவருக்கு...’ என்று ஆரம்பித்து, மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. பேச்சும் நின்றது.

இப்போது லீவுக்கு வந்திருக்கிறார்கள். வந்த அன்றைக்கே சரசு சொல்லிவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா, இனிமே நான் இந்த ஊருக்கு வரப்போறதில்லைண்ணா.”

அவள் சொன்னால் செய்கிறவள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. பயந்துதான் போனேன். ஆனாலும் முதலில் வாயைத் திறப்பது யார்?

பஸ்ஸை விட்டு இறங்கியதும், “நான் குழந்தைகளோட கோயிலைப் பாத்துட்டு வரேன். நீங்க கடலைப் பாருங்க” என்று எங்களைக் கழற்றிவிட்டுப் போய்விட்டாள். மணலில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு மாடு தாராளமாகப் படுக்கலாம், அவ்வளவு இடம்.

“இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகீற?”

திரும்பினால் கன்னியம்மா. வாரத்தில் இரண்டு நாள் கூடையோடு பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கரையேற்றிய படகின் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். “வா சார், வந்து எங்க பஞ்சாயத்தக் கேளு” என்று கூட்டிப்போனாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார்.

விஷயம் இதுதான். குப்பத்துப் பெண்கள் மீன் விற்ற காசில் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பணம் வைத்திருக்கிறார்கள். வலை வாங்குகிறவர்களுக்கு அதிலிருந்து கடன். வருகிற வட்டி, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமாருக்கு. வருடத்துக்கு ஒருமுறை கூடி வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள்.

“அரிசி விக்கற வெலையில, அந்த வட்டி பாதி மாசத்துக்குக் கூட காணல. ஏத்தியே ஆவணும்” என்றாள் கன்னியம்மா.

“ஏத்திட்டா வலை வாங்கறவன் இன்னா பண்ணுவான்? கடல்ல மீனே இல்லாம வெறுங்கையோட வந்துகினு கீறானுங்க” என்றாள் எதிரே இருந்த தனம்.

இங்கேயும் ஏத்து கட்சி, இறக்கு கட்சி. கன்னியம்மா அந்த வட்டியை வாங்குகிறவள் போலிருக்கிறது. தனத்தின் வீட்டில் யாருக்கோ வலை வேண்டும். நான் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். எனக்கு அருகில் இருந்த பெண்ணிடம், “தனத்தோட பையனுக்கா வலை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அதுக்குப் புள்ள ஏது சார்? புருசன் கடல்ல பூட்டான். வட்டி அதுக்குதான் வரும். வலை கேக்கறது கன்னியம்மா புள்ள.”

எனக்குச் சுருக்கென்றது. வட்டியை ஏற்று என்கிறவள் அதைக் கட்டப்போகிறவள். வேண்டாம் என்கிறவள் அதை வாங்கிச் சாப்பிடுகிறவள். இருவரும் இவ்வளவு நேரம் கத்தியது அடுத்தவளுக்காக.

கடைசியில் கன்னியம்மாதான் ஜெயித்தாள். கொஞ்சம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஏத்திக்க. ஆனா கடலுக்குப் போவாத நாளுக்கு வட்டி கெடையாது. அது எப்பவும் போலதான்” என்றாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். “அந்த நாளையெல்லாம் யாரும்மா கணக்கு வெச்சுப்பாங்க?”

“காத்தடிச்சா, சாவு வுழுந்தா, ஒரு படகும் எறங்காது. கரையில எல்லாருந்தான் பாத்துகினு கீறோம். கணக்கு இன்னாத்துக்கு சார்?”

திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தோம். இந்த முறை மாடு படுக்க இடமில்லை. அவரே பேசினார், கடலைப் பார்த்தபடி.

“எங்க அப்பா பென்ஷன்ல இருக்கார் மச்சான். அவரை மாதிரி எத்தனை பேர்... விலை ஏறினா அவங்களுக்குப் போக்கிடம் இல்லை. அதான் ஏத்தணும்னு எழுதினேன். எழுதுறப்போ உங்க வீடு ஞாபகம் வராம இல்லை. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. ஆபீஸ் விஷயம், சரசுகிட்டகூடச் சொல்லலை.”

எட்டு மாதமாக நான் பார்த்தது என் சுவரை மட்டும்தானே. அந்தக் கடிதத்தை அவர் எப்படிப் படித்திருப்பார்... நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் சரசு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் வந்ததும் அவளை ஜன்னலோரம் தள்ளிவிட்டு நடுவில் நான் உட்கார்ந்தேன்.

“மாப்பிள்ளை, நாம பேசாத எட்டு மாசத்துக்கு வட்டி கிடையாது.”

“அப்போ அசல், மச்சான்?”

தோளில் கையைப் போட்டேன். செங்கல்பட்டு வரை எடுக்கவில்லை.

வீடு லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது... நிற்கட்டுமே!