நாலாம் எண் வாளி

செம்பனை மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைப்பதுதான் என் உத்தியோகம் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பாதி கிண்டல், பாதி உண்மை. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் விதைப் பிரிவில் முப்பது வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். பெண் பூ மலர்வதற்கு முன்பே ஏணி வைத்து ஏறி, பூவுக்குத் துணிப்பை மாட்டி, பையின் வாயை இறுக்கிக் கட்டிவிடுவோம். மலர்ந்த அன்று பையில் சின்னதாக ஒரு துளை போட்டு, குறித்து வைத்த ஆண் மரத்தின் மகரந்தத் தூளை உள்ளே ஊதி, துளையை ஒட்டுவோம். அட்டையில் தாய் எண், தகப்பன் எண், தேதி. ஒரே ஒரு வண்டு பைக்குள் புகுந்திருந்தால்கூட அந்தக் குலை முழுக்க ரிஜெக்ட். அது எந்த மரத்துத் தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, யார் கண்டது?

என் குலை ஒன்றுகூட ரிஜெக்ட் ஆனதில்லை. இதை நான் தன்னடக்கத்தோடு சொல்லவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று உலு திராம் வீட்டுக்கு வந்தபின் ஆறு மாதம் சும்மா இருந்தேன். கணவர் சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். விடிவதற்கு முன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் ஒரு கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. கடல் உயிரினங்களைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் ஒரு தீவில், அழிந்துபோன பவளப்பாறையைத் திரும்ப வளர்க்கும் வேலையில் இருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நல்லா தைப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. இதக் கொஞ்சம் தச்சுத் தர முடியுமா? பவளத்துக்கு மேல மாட்டுற வலை. அது முட்டை விட்டா மேல மிதந்து வரும், இந்த பாட்டில்ல வந்து சேந்துரும்."

கூம்பு மாதிரி இருந்த அந்த வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பூவுக்கு மாட்டுற பைதான இது? இதுக்குப் போயி யாரு இவ்ளோ மோசமா தையல் போட்டது?"

அவள்தான் போட்டிருக்கிறாள். பையைப் பற்றி, ஏணியைப் பற்றி, தூளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே என் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரியுமா என்றாள். தூளில் உயிர் இருக்கிறதா, செத்துவிட்டதா என்று முப்பது வருடம் அதில்தான் எண்ணினேன் என்றேன். இரண்டாவது டீ ஆறுவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வருடத்தில் சில வாரம் மட்டும், தீவிலேயே தங்கி.

"மரத்துக்கெல்லாம் முடிச்சு வச்சாச்சு, இப்ப கல்லுக்கா?" என்றார் கணவர்.

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, பிராணி என்று எதிர்வீட்டுப் பெண் எனக்குப் பலமுறை விளக்கினாள். கேட்டுக்கொள்வேன், மறுபடியும் செடி என்றே சொல்வேன். ஒரே இடத்தில் நிற்கிறது, கிளை விடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. எனக்கு அது போதும்.

அந்தப் பருவம் எங்கள் பக்கத்தில் ஏப்ரலில் வரும். பௌர்ணமி கழிந்து சில நாளில், இருட்டி ஓரிரு மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். கிளை முழுக்க இளஞ்சிவப்பு உருண்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும், சாயம் போட்ட ஜவ்வரிசி மாதிரி. ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் முட்டையும் உண்டு, விந்தும் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் கழன்று மேலே மிதந்து வந்து, உடைந்து, ஒன்றோடொன்று கலக்கும். அன்று தவறினால் அடுத்த வருடம்தான்.

நான் போய்ச் சேர்வதற்கு முந்தைய வருடம் கடல் சூடேறி, அந்தத் தீவைச் சுற்றியிருந்த பவளமெல்லாம் வெளுத்துப் பெரும்பாலும் செத்துப்போயிருந்தது. மிஞ்சியதில் ஒரே இனத்தைச் சேர்ந்த பத்துக் கொத்துகளை எடுத்துவந்து, கரையிலிருந்த கொட்டகையில் பத்துத் தொட்டிகளில் எண் போட்டு வைத்திருந்தாள். ஒன்பது கொத்துகள் நோயிலிருந்து எழுந்து வந்தவை போலத்தான் இருந்தன, ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் பாசி. நாலாம் எண் மட்டும் நுனி வரைக்கும் முழுசாக நின்றது.

"எல்லாம் வெள்ளையா கெடந்தப்ப இது ஒண்ணுதான் ஆன்ட்டி பழுப்பாவே நின்னுச்சு. இதோட பிள்ளைங்களும் சூட்டத் தாங்கும்னு நெனைக்கிறேன். இந்த வருஷம் எனக்கு மத்ததெல்லாம் அப்புறம்லா. நாலுதான் முக்கியம்."

நல்ல தாய் மரத்தை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். நாலாம் எண் அப்படிப்பட்டது. தினமும் காலையில் முதலில் அந்தத் தொட்டிக்குத்தான் போய் நிற்பேன்.

அந்த நாள் வந்தது. எட்டரை மணிக்குத் தொட்டிகளில் உருண்டைகள் கழன்று மிதக்க ஆரம்பித்தன. அவள் சிவப்பு விளக்கில் குனிந்து ஒவ்வொன்றாக அள்ளி, எண் எழுதிய வாளியில் விட்டுக் கொடுப்பாள். கொட்டகையின் மறுகோடியில் மேசையும் மைக்ராஸ்கோப்பும் நோட்டுப் புத்தகமும் என் பொறுப்பு. "வர்ற வாளியெல்லாம் பெரிய தொட்டியில ஒண்ணா கலந்துருங்க ஆன்ட்டி" என்றாள். ஏன் என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. கேட்க எனக்கு மனமும் இல்லை. படித்தவர்களுக்கு வேலை அவசரத்தில் சுத்தம் மறந்துபோகும், நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் எண் இன்னும் உருண்டை விடவில்லை. வந்த ஒன்பதில் எட்டு வாளிகளைக் கலந்தேன். நாலாம் எண்ணைத் தனியாக வைத்தேன்.

பாதி செத்த எட்டின் தூளை அந்த நல்ல மரத்தில் கலக்க எனக்குக் கை வரவில்லை. செம்பனையில் ஒரு மரத்தின் தூளை அதன் பூவுக்கே ஊதினாலும் காய் பிடிக்கும். நல்ல வரிசை கெடக்கூடாது என்று பிரித்து வைத்து அப்படிச் செய்ததும் உண்டு. அதனால் அந்த வாளியை மட்டும் மெதுவாகக் கலக்கிவிட்டு, அட்டையில் '4 × 4' என்று அழகாக எழுதிக் கட்டினேன். மற்ற எட்டின் முட்டைகளைக் கொஞ்ச நேரம் கழித்து, சொல்லிக்கொடுத்தபடி நல்ல தண்ணீரில் கழுவி, பழைய தண்ணீரைக் கொட்டினேன். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பத்தரைக்கு மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். பெரிய தொட்டியின் முட்டைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன, சில நாலாக. கரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து நாலாம் எண்ணில் ஒரு துளி எடுத்து வைத்தேன். எல்லாம் உருண்டை உருண்டையாக, வழுவழுவென்று, விட்டபடியே இருந்தன. இன்னொரு துளி எடுத்தேன். வாளியின் அடியிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று. ஒரு முட்டைகூடப் பிரியவில்லை.

வெட்கம் ஒருபக்கம். அதைவிட அதிகமாக அவள் மேல் கோபம், காரணத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. நோட்டு என் கையில் இருந்தது. 'நாலில் கரு பிடிக்கவில்லை' என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. ஏதோ காரணம் என்று அவள் விட்டுவிடுவாள். மரம் எங்கே போய்விடப்போகிறது, அடுத்த வருடம் சரியாகச் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது தொட்டிப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. "ஆன்ட்டி, நாலு எப்படி இருக்கு?"

முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்டதெல்லாம் இன்றைக்கு எத்தனை குலை என்றுதான். இவள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவள் போலக் கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"நாலு தனியா இருக்கும்மா. நான் கலக்கல. அதோட தூளையே அதுக்கு விட்டுட்டேன். ஒண்ணுகூடப் பிடிக்கல."

அவள் ஓடிவந்து பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். "ஏன் ஆன்ட்டி?"

"நல்ல மரம்னு."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். "பவளம் தன்னோடத தானே ஏத்துக்காது ஆன்ட்டி. வேற ஒண்ணோடது வேணும். அதுக்குத்தான் கலக்கச் சொன்னேன். முட்டை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அந்த எட்டோட தண்ணி இருக்கா?"

"கழுவிக் கொட்டிட்டேன்."

அவள் உடனே திரும்பிப் பத்தாம் தொட்டிக்கு ஓடினாள். பத்தாம் எண்தான் இருந்ததிலேயே சின்னது, உள்ளங்கை அளவு, முக்கால்வாசி பாசி. அது மட்டும் தாமதமாக, அரை மணிக்கு முன்புதான் உருண்டை விட ஆரம்பித்திருந்தது. நான் கூப்பிட்டபோது... இல்லை, அவள் என்னைக் கேட்டபோது, அதைத்தான் அள்ளிக்கொண்டிருந்தாள். அவ்வளவையும் சல்லடையில் ஊற்றி ஆட்டி உடைத்து, கீழே இறங்கிய, விந்து கலந்த கலங்கல் தண்ணீரை நாலாம் எண் வாளியில் விட்டோம். ஒரு கோப்பைகூட இல்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் என் பக்கமே வரவில்லை. நான் கழுவிய வாளிகளையே திரும்பவும் கழுவினேன். நேரம் வந்ததும் லென்சில் அவள் உட்காரவில்லை, என்னைத்தான் கண்ணால் காட்டினாள். குனிந்தேன். முதல் முட்டை முழுசாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது நடுவில் கோடு விழுந்து இரண்டாக நின்றது. அப்புறம் இன்னொன்று. பாதிக்கும் குறைவுதான், ஆனால் பிரிந்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, லென்ஸ் நனைந்தது. அட்டையை அவிழ்த்து '4 × 10' என்று புதிதாக எழுதிக் கட்டினேன். நோட்டில் நடந்தது முழுவதையும் என் கையெழுத்தில் எழுதி, என் தவறு என்றும் எழுதினேன்.

காலையில் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, எனக்கு இன்னும் கோவம் போகல. பசியாற வாங்க." ரொட்டியும் மத்திச் சம்பாலும் சாப்பிட்டோம். இரண்டாவது ரொட்டி முடிவதற்குள் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. கரு வளர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் குஞ்சுகளாயின. நாலைந்து நாள் அலைந்து திரிந்துவிட்டு, நாங்கள் வைத்த சிமெண்டு வில்லைகளில் இடம் பார்த்து ஒட்டிக்கொண்டன. ஒட்டியது ஒட்டியதுதான், இனி ஆயுளுக்கும் வீடு மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வில்லையிலும் நான் எண் எழுதிய பிளாஸ்டிக் அட்டையைக் கட்டி, தீவின் மேற்குப் பக்கம், அலை குறைந்த இடத்தில், சட்டத்தில் கட்டிக் கடலுக்குள் வைத்தோம். பத்துக் கொத்துகளையும் அவளோடு வேலை செய்த முக்குளிப்பு ஆட்கள் அவை வளர்ந்த இடங்களுக்கே கொண்டுபோய் ஒட்டினார்கள். நாலாம் எண்ணின் இடம் கிழக்குப் பக்கம், வெளிக்கடலைப் பார்த்து. நான் உலு திராமுக்குத் திரும்பிவந்து, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப உனக்கும் ஒரு ரிஜெக்ட் ஆயிருக்கும்" என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

வருடக் கடைசியில் வடகிழக்குக் காற்று வந்தது. அந்த மாதங்களில் தீவுக்குப் படகு போகாது. மார்ச்சில் கடல் அடங்கியதும் முதல் படகில் போனோம். எனக்கு நீந்தத் தெரியாது, படகிலேயே இருந்தேன். கிழக்குப் பக்கம் முதலில் இறங்கியவள் வெகுநேரம் கழித்து மேலே வந்து, முகக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு இல்ல ஆன்ட்டி. பாறையோட பேந்து உருண்டு கெடக்கு. மேல மண்ணு மூடி... செத்து ரொம்ப நாளாச்சு."

படகு தீவைச் சுற்றி மேற்கே போனது. அங்கே அவள் மறுபடி இறங்கினாள். இந்த முறை சீக்கிரமே வந்தாள், கையில் தண்ணீர் நிறைந்த ஒரு டப்பா. அதற்குள் ஒரு வில்லை, அதில் பாசி ஏறிய அட்டை, '4 × 10'. என் கையெழுத்து. வில்லையின் மேல் சுண்டுவிரல் நகம் அளவில் ஏழு பவளங்கள், பழுப்பு நிறத்தில். இரண்டு மேலே கிளம்பி நிற்கத் தொடங்கியிருந்தன.

"இன்னும் கீழ இருக்கு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுதான் இருந்திருப்பேன்."

நானும்தான். அடுத்த வருடம் என்று நான் பேனாவைத் திறந்தது இந்த ஏப்ரலை நம்பித்தான். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. தண்ணீர் சிந்திவிடப்போகிறது என்று படகுக்காரரை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.