உள்ளே வெளுத்த பழம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நுவரெலியாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்தில் ஒரு துண்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஸ்ட்ரோபெரி வைத்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்களில் சிலரை அங்கே அனுப்பினார்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரியும் நானும் ஒரே நிரையில் பறித்தோம். அப்போது அவளை அக்கா என்றேன். இப்போது எழுதும்போது மரியாதை வர மறுக்கிறது.

என் மகளுக்குப் பல் விளக்கினால் ஈறெல்லாம் ரத்தம். புளிப்புப் பழம் கொடுக்கச் சொன்னார் டிஸ்பென்சரி ஐயா. தினமும் தோடம்பழத்துக்கு நான் எங்கே போவது?

பயிரைப் பார்க்க வந்த விவசாய ஐயா ஒருநாள் எங்கள் இருவருக்கும் இரண்டு பழத்தை அறுத்துக் காட்டினார். ஹோட்டலுக்குப் போகும் பெரிய சாதி, உள்ளே வெள்ளை. சின்ன சாதி நடுவரைக்கும் கருஞ்சிவப்பு.

"இந்தச் செவப்பே ஒரு சத்துதாம்மா. ஈறுக்கு வேண்டிய சத்தும் நம்ம சின்னதுலதான் கூட. சாதிக்குச் சாதி மாறும்," என்றார். நசுங்கினதை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விட்டார்.

முதலில் நசுங்கலுக்குப் பஞ்சமே இல்லை. கொழுந்து பறித்த கை சும்மா இருக்குமா? பறித்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசிவிடும். பழம் முதுகுக் கூடையில் விழுந்து கூழாகும். கங்காணி சிரித்துக்கொண்டே திட்டுவார். நான் சின்ன சாதியாகப் பொறுக்கி மகளுக்குக் கொடுத்தேன். ஈறு ஆறத் தொடங்கியது. பிறகு எங்கள் கை திருந்தியது, நசுங்கலும் நின்றுபோனது. பிள்ளைக்கு மறுபடியும் ரத்தம்.

பக்கத்துக் காம்பராக்காரிதான் வழி சொன்னாள். "ஏன் புள்ள மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? நான் நாலு பழத்தப் பழைய மாதிரி வீசுறேன். பழக்கதோஷம்னு சொல்லிக்கலாம்."

வீசியது அவள், மடியில் கட்டியது நான். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று உருகிப்போனேன்.

ஒரு காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் கங்காணி என்னைக் கேட்டார்: "வேணும்னே பழத்த நசுக்குறியாமே?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டே, "நானும் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேங்க, கேக்கல," என்றாள்.

நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குப் பெரட்டே நாறியிருக்கும்.

என்னைத் தேயிலைக்கே திருப்பிவிட்டார்கள். மழை படாத கொட்டகையில் பழம் பிரிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. இத்தனை பாசமும் அதற்குத்தான். நசுங்கினதை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவள் கைக்குப் போனது.

மகளின் ஈறு வீங்கிக் கிடந்த ஒரு சாயங்காலம், கிண்ணம் நிறையப் பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மனசுல வச்சுக்காத புள்ள. பாப்பாவுக்குத்தான் கொண்டாந்தேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மகள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். அந்த நேரத்தில் மன்னித்தும் விட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் போனபின் ஒன்றைப் பிட்டேன். உள்ளே வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. கிண்ணத்தின் அடிவரைக்கும் வெள்ளைதான்.

வெளியே அவளுடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். உதடும் விரலும் கருஞ்சிவப்பு.

ஐயா அறுத்துக் காட்டியபோது அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள்.