வயர் இல்லாத இரும்புச் சட்டி

பெருநாள் தொழுகைக்கு நான் இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போகிறேன். கேட்பவர்களிடம் அங்கே குத்பாப் பிரசங்கம் நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். எங்கள் பள்ளியில் தொழுதால், முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்து முஸாபஹா செய்யும்போது, ஒருவனுடைய வலக்கையை நானும் பிடிக்க வேண்டி வரும். அதில் மூன்று விரல்கள் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

நான் சாய்ந்தமருதில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. விக்டோரியா ராணி காலத்தில் ஆங்கிலேயப் பட்டாளத்துப் பொறியியலாளர்கள் துறைமுகங்களைக் காக்கக் கடலுக்கடியில் கண்ணிவெடி வைத்த கதை அது. பெரிய இரும்புச் சட்டிகளில் வெடிமருந்தை அடைத்து, பாரம் கட்டி நீருக்குள் நிறுத்துவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கரைக்கு ஒரு வயர் வரும். கரையில் ஒளிந்திருக்கும் சிப்பாய், எதிரிக் கப்பல் சரியான இடத்துக்கு வரும்வரை பார்த்திருந்து விசையை அழுத்துவான். சொந்தக் கப்பல் பத்திரமாகப் போய்விடும். இந்தக் கெட்டித்தனத்தில் நான் சொக்கிப் போனேன். மீன் வாங்கப் போன இடத்திலும் இதையே கதைத்தேன். என்னைக் கண்டால் ஆட்கள் பாதை மாறினார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. அப்படியொரு வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் படித்த மீனவன் ஒருவன் காத்து நின்றான். வகுப்பில் நான் சொன்னதை வரி பிசகாமல் எழுதி வைத்தவன். முதல்நாள் அவனுடைய வலையில் சிப்பி மூடிய இரும்பு உருண்டை ஒன்று சிக்கியிருந்தது.

“சேர், இது என்னெண்டு நீங்கதான் சொல்லோணும். பொலிசுக்கு அறிவிப்பமா?”

தொழுதுவிட்டு வந்த கூட்டமும் எங்களோடு கரைக்கு வந்தது. உருண்டையின் பக்கவாட்டில் வயர் நுழைவதற்கென்றே விட்டது போல ஒரு துவாரத்தைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் காகிதத்தில் பார்த்தது கண்முன்னே கிடந்தது. கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

“பொலிசு எதுக்கு? இது வெள்ளக்காரன்ட காலத்துச் சாமான். கரையில இருந்து வயர் வந்தாத்தான் வெடிக்கும். வயர் இல்லாட்டி வெறும் இரும்புச் சட்டி.”

பொலிசு வந்தால் அதைக் கொண்டு போய்விடும். எனக்கு அதைப் படம் எடுத்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல், கரையை மூடிவிடுவார்கள் என்று மட்டும் பயம் காட்டினேன்.

“அப்ப தோணிக்கு நங்கூரமாப் போடலாமா, சேர்?”

“ஓம், தாராளமா.”

மறுநாள் காலை, கயிறு கோர்க்க அந்தத் துவாரத்தை உளியால் பெருப்பித்திருக்கிறான். உள்ளே இருந்த சின்ன வெடிகுழாய்தான் வெடித்தது. சட்டியை நிறைத்திருந்த வெடிமருந்து நனைந்து கிடந்ததால் உயிர் தப்பியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவனுடைய மனைவி வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

“சேர், வெள்ளக்காரன் துறைமுகத்தக் காக்கத்தானே போட்டான் எண்டு சொன்னீங்களாம். அந்தக் காலத்துல எங்கட கரையில துறைமுகம் எங்க இருந்திச்சு?”

நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. எனக்குத் தோன்றவேயில்லை. மிச்சத்தை எடுத்துப் போன இராணுவத்தார், அது எங்கள் யுத்த காலத்துச் சாமான் என்றார்கள். அந்தக் காலம் முழுக்க நான் இதே ஊரில்தான் இருந்தேன்.

உள்ளே அவன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். அந்தக் கை விரல்களால்தான் கிழிந்த வலையைப் பொத்துவான். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

“பொலிசுக்கு வாக்குமூலம் குடுத்திட்டன், சேர். நானாத்தான் யோசிச்சுச் செஞ்ச எண்டு சொல்லியிருக்கன். உங்களக் கேட்டா, நீங்களும் ஒண்டும் தெரியா எண்டே சொல்லுங்க. இந்த வயசில நீங்க பொலிசுக்கு அலையக் கூடா.”

அந்த நேரம் எனக்கு வந்தது நிம்மதி. வேறெதுவும் வருமுன் அதுதான் வந்தது.

“சரி தம்பி” என்றேன்.