கெப்சூல் உறை ஊற்றிய தயிர்

முதல் அறிகுறி எதுவென்று கேட்டால் தாகம் என்றுதான் சொல்வேன். என் மனைவி பரீதா விடிந்ததும் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். பால் காய்ச்சி இறக்குவதற்குள் இன்னொரு செம்பு. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். கல்முனைக்குடி வெயிலில் யாருக்குத்தான் தாகமில்லை என்று விட்டுவிட்டோம்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் கதைக்கவும் எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் உடம்பு பெருத்த ஒருத்தி பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கலாம். அவளுக்காக இதை வாசியுங்கள்.

எங்கள் தொழில் தயிர். இறக்காமத்திலிருந்து எருமைப்பால் வரும். காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றிச் சட்டிகளில் வைப்பது பரீதா. விற்பது நான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவள் வீட்டில்தான் வாழ்கிறேன். மாமியும் எங்களோடுதான். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இந்த வயிறு எங்களுக்கு என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இரத்தம் சோதித்து, கர்ப்பகால நீரிழிவு (பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வரும் சீனி வருத்தம்) என்றார்கள். டொக்டர் ஒரு பெண். அமைதியாகச் சொன்னார். இனிப்பை நிறுத்த வேண்டும், இன்சுலின் ஊசி (இரத்தத்திலுள்ள சீனியை இறக்கும் மருந்து) போட வேண்டும், அதற்குச் சில நாள் ஆஸ்பத்திரி வாட்டில் தங்கி நிற்க வேண்டும். பரீதா ஓம் என்று தலையாட்டினாள்.

வாட்டுக்கு அனுப்புமுன் மறுபடியும் நிறை பார்க்கச் சொன்னார்கள். தராசு விறாந்தையில் இருந்தது. ஆண்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆனால் நிறை பார்க்கும் தாதி மிஸ்ஸியின் குரல் கேட்டையும் தாண்டி வரும்.

"மெதுவா ஏறுங்க. இது நெல்லு மூட்டை நிறுக்கிற தராசு இல்ல."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"வாட்டுக்கா போறீங்க? கட்டில் தாங்குமா எண்டு கேட்டுட்டுப் போங்க. வயித்துக்குள்ள ஒரு புள்ளயா, முழுக் குடும்பமுமா?"

சிரிப்பு கூடியது. பரீதாவும் சிரித்தாள். அவளைப் பார்த்து யார் சிரித்தாலும் சேர்ந்து சிரித்துவிடுவது அவள் பழக்கம். வெளியே வந்து ஓட்டோவில் ஏறினாள். இருக்கையில் பெரும்பகுதி அவளுக்கே வேண்டும். நான் எப்போதும்போல் ஓரத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன்.

"வாட்டுக்குப் போகல்லியா?" என்றேன்.

"இனி நான் இஞ்ச வரமாட்டன் மச்சான். என்னைக் கண்டதுண்டமா வெட்டினாலும் வரமாட்டன்."

அந்தக் கிழமைதான் கட்டாரில் இருக்கும் அவள் தங்கை, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினாள். புரோபயோட்டிக் கெப்சூல் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள் அடைத்த குளிசை). தொலைபேசியில் அவள் குரல் பாய்ந்து வந்தது.

"ராத்தா, இஞ்ச குண்டான பொம்புளயளெல்லாம் வயித்தில புள்ள இரிக்கக்குள்ள இதத்தான் குடிக்காங்க. சீனியும் இறங்கும், ஒடம்பும் இறங்கும். ஊசி வாணா. நம்மட தயிர்ல இரிக்கிற நல்ல கிருமிதான் இது."

தயிர் என்றதும் எங்கள் வீட்டில் பயம் போய்விட்டது. இன்சுலின் எங்களுக்குத் தெரியாத பொருள். தயிர் எங்களுக்குத் தெரிந்தது.

போத்தல் சிறியது. பிள்ளை பிறக்கும்வரை காணாது. பரீதா அதைக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"உம்மா, ஒரு அகப்பைத் தயிர் இரிந்தா அடுத்த சட்டிக்கு உறை ஊத்துறம்தானே. இதுவும் உசிருள்ள கிருமி. ஒண்ட உடைச்சிப் பாலுல போட்டா சட்டி முழுக்க மருந்தாகாதா?"

"ஆகும் மகள்! படிச்ச ஆக்களுக்கு இந்தப் புத்தி வருமா?" என்றார் மாமி.

அது உறைந்தது. சட்டியைச் சரித்தாலும் அசையாத தயிர். அதிலிருந்து எடுத்து அடுத்த சட்டி, அதிலிருந்து அடுத்தது. எங்கள் ஊரில் இனிப்பில்லாமல் தயிர் தின்பவர் இல்லை. மாமி சட்டியின் மேலே கித்துள் மரத்து இனிப்புப் பாணியை ஊற்றுவார். "உசிருள்ள சாமான், அதுக்கும் தீனி வேணும்" என்பார். காலையில் ஒரு கிண்ணம், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கிண்ணம். மருத்துவமாது வீடு தேடி வந்தபோது, "நாங்க வெளியால டொக்டரிட்ட காட்டுறம்" என்று மாமி திருப்பி அனுப்பினார். நான் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், பரீதா சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். யாரும் அவளை நிறுக்கவில்லை. வயிறு வேகமாகப் பெருத்தது. "புள்ள நல்லா ஊறி வளர்றான்" என்று மாமி வயிற்றைத் தடவுவார்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலையில் உறை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மச்சான், புள்ள நேத்தேல இருந்து அசையல்ல."

"தூங்குவான் மகள்" என்று மாமி ஒரு கோப்பை சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். பிள்ளையை எழுப்பவாம். அவள் அதையும் குடித்தாள். குடித்துவிட்டு வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் பார்த்தது அதே டொக்டர். திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு டொக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கெப்சூலா?" என்பதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல கிருமி எண்டது பொய்யில்ல. ஆனா பெருத்த ஒடம்புக் கர்ப்பிணிகளுக்கு அது சீனி வருத்தத்தத் தடுக்கும் எண்டு நம்ப ஏலாது. சிலருக்குப் பிறசர் கூடுதோ எண்டும் சந்தேகம் இரிக்கி. அதால நாங்க அதக் குடுக்கிறல்ல. கெப்சூல் ஒங்கட புள்ளயக் கொல்லல்ல. ஊசி போடல்ல, பாணி குடுத்திருக்கீங்க. சீனியாலதான் போயிரிக்கும்."

பரீதா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

மருந்து வைத்து நோவு வரவழைத்தார்கள். அழாத பிள்ளைக்கும் அதே நோவுதான். ஆண் பிள்ளை. கன்னங்கள் உப்பி, கைகள் மடிப்பு மடிப்பாக, அந்த வாட்டிலேயே வடிவான பிள்ளை. தாயின் சீனி பிள்ளைக்குப் போய் அதைப் பெருக்க வைக்கும் என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். நாங்கள் அதை ஊறுகிறான் என்று நினைத்திருந்தோம்.

பெயர் வைத்துக் குளிப்பாட்டி மையவாடிக்குக் கொண்டுபோனோம். கபன் துணியை விலக்கி முகம் பார்த்த ஒருவர் சொன்னார்: "மாஷா அல்லாஹ், என்ன கொழுத்த புள்ள. தாய்ர பாரம் அமத்திப் போட்டுதாக்கும்."

நான் மண் போட்டேன்.

மூன்றாம் நாள் பரீதாவுக்குப் பால் சுரந்தது. நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் படுத்திருக்க, இறக்காமத்துப் பால் வழக்கம்போல வந்து இறங்கியது. அன்று உறை ஊற்றியவர் மாமி. கெப்சூல் தயிரின் கடைசிச் சட்டியை நான் கடலில் கொட்டினேன்.

வாசிக்கும் ஆண்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி என்றால் ஊசி. எந்தக் குளிசையையும் டொக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அவள் தராசில் ஏறும்போது கேட்டுக்கு வெளியே நிற்காதீர்கள். துரத்தினாலும் உள்ளே போங்கள்.

அதன் பிறகு பரீதா தயிரைத் தொடவில்லை. சோறும் பேருக்குத்தான். அவள் உடம்பு கரைந்தது. தெரிந்த அபாயாவுக்குள் தெரியாத ஒருத்தி நடப்பதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் நாட்காட்டி ஒரு மாதத்தைக் காட்டும், அவள் இன்னொரு கணக்கில் இருப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, "இந்நேரம் குப்புறப் புரண்டிருப்பான்" என்பாள்.

அவள் இரத்தத்தில் சீனி இன்னும் நிற்கிறதா என்று பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை நானும் விறாந்தைக்குப் போனேன். அதே தராசு, அதே மிஸ்ஸி. தராசு முள் நின்ற இடத்தைப் பார்த்தார், பழைய நிறை எழுதிய துண்டைப் பார்த்தார். அவருக்குப் பரீதாவை ஞாபகமில்லை.

"அல்லாஹ்! இவ்வளவு குறைச்சிட்டீங்களா? மனசு வெச்சா ஏலும்தானே!" வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இந்தத் தங்கச்சியப் பாருங்க எல்லாரும். இப்பிடித்தான் இரிக்கோணும்."

பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி எட்டிக் கேட்டாள்: "என்ன ராத்தா சாப்பிட்டீங்க? எங்களுக்கும் செல்லித் தாங்களன்."

பரீதா சிரித்தாள், பழையபடி, எல்லாரோடும் சேர்ந்து. நான் தொண்டையைச் செருமினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

ஓட்டோ ஓடத் தொடங்கிய பிறகு சொன்னாள்: "குறைஞ்சதில புள்ளட பாரமும் இரிக்கி மச்சான். அதையும் சேத்துத்தான் புகழ்றா."

நான் ஓரத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் அப்படித்தான் உட்காருகிறேன். அவளும் அந்தப் பக்கத்து ஓரத்தில். நடுவில் இடம் கிடக்கிறது. இரண்டு பேரும் அதில் கை வைப்பதில்லை.